படிக்க இயலாத எழுத்துகள்
ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரை முன்வைத்து

காஞ்சிபுரத்தை அடுத்த கூரம் என்னும் சிற்றூர் வரலாற்று மாணவர்களுக்கு நன்கு அறிமுகமானது. பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வூர்ச் சிவன் கோயிலுக்கு அளித்த கொடைகளைக் கூறும் செப்பேடுகள் அவ்வூரின் பெயராலேயே வழங்குகின்றன. வடமொழிப் பகுதி கிரந்த எழுத்திலும், நிலத்தையும் எல்லைகளையும் கூறும் பகுதி தமிழிலும் அமைந்தவை அவை. மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கும் அவற்றில் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது.

அச்செப்பேடுகளின் நிழற்படத்தை நம்மிடம் யாரேனும் நீட்டினால் என்ன நேரும்? பழைய எழுத்து பயிலாத நமக்கு ஒரு வரியும் பிடிபடுவதில்லை. ஆயினும் நம் கண் அதைவிட்டு அகல மறுக்கிறது. வளைந்தும் நெருங்கியும் செல்லும் கீற்றுகளில், என்றோ மறைந்த ஒருவருடைய கையின் அசைவை நாம் உணர்கிறோம். பொருள் புரியாமலேயே நம்மை வந்து சேர்வது யாது? ஓவியர் பணிக்கரின் பிற்கால ஓவியங்களின் முன் நின்ற பலரும் கேட்டது இக்கேள்வியைத்தான்.

கோயம்புத்தூரில் 1911ஆம் ஆண்டு பிறந்த பணிக்கர், கலைப்பள்ளியில் சேருமுன்பே இயற்கைக் காட்சிகளை நீர்வண்ணத்தில் தீட்டத் தேர்ந்தவர். குடும்பத்தின் பொருட்டுத் தந்தித் துறையில் சில காலம் பணியாற்றிவிட்டு, 1936இல் சென்னைக் கலைப்பள்ளியில் தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் மாணவரானார். பின்னர் அங்கேயே ஆசிரியராகி, 1957 முதல் 1967 வரை அதன் முதல்வராகவும் விளங்கினார். 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தோற்றுவித்தார்.

1954இல் அவர் ஐரோப்பா சென்றார். மேலைநாட்டுப் புதிய ஓவியத்தை நேரில் கண்டதால் அவருடைய மனநிறைவு குலைந்தது. அவர்களைப் பின்பற்றினால் அவர்களுடைய நிழலாவோம். அஜந்தாவைத் திரும்ப வரைந்தால் நம் முன்னோரின் நிழலாவோம். இரண்டுமின்றி இக்காலத்து இந்தியனாக வரைவது எங்ஙனம்? அக்காலத்து அவருடைய ஓவியங்களில் மனித உருவங்கள் நிறைந்திருந்தன. சமாதானம் செய்வோரைப் பற்றிய மலைப்பொழிவு வாக்கைத் தலைப்பாகக் கொண்ட ஓவியமும் 1950களில் அவர் தீட்டியதே. கிறிஸ்தவர் அல்லாத ஒருவர் நற்செய்தியினின்று கருப்பொருள் எடுத்ததை நாம் நன்றியுடன் நினைவுகூரலாம். ஆனால் அவர் அங்கு நிற்கவில்லை.

1963ஆம் ஆண்டளவில் 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் வரிசை தொடங்கியது. ஒரு மாணவரின் கணிதக் குறிப்பேட்டுப் பக்கம் அவரைத் தூண்டியதாகக் கூறுவர். எண்களும், மலையாள எழுத்தைப் போன்ற கீற்றுகளும், சாதகக் கட்டங்களும், மீன், பறவை முதலிய சிறு உருவங்களும் திரை முழுவதும் நிரம்பின. எழுத்துகள்தாம்; ஆனால் படிக்க இயலாதவை. சாதகக் கட்டங்கள்தாம்; ஆனால் எவருடைய பிறப்பையும் குறிக்காதவை.

அதே 1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய கொள்கை விளக்கத்தை வெளியிட்டு, மக்களின் தாய்மொழிக்கு வழிதிறந்தது. நம் பீடங்களில் சொற்கள் விளங்கத் தொடங்கிய காலத்தில் ஓர் ஓவியர் விளங்காத சொற்களைத் தீட்ட முனைந்தது முரணன்றோ என்று கேட்கத் தோன்றும். முரண் என்று நாம் கருதவில்லை. இலத்தீன் திருப்பலியில் ஒரு சொல்லும் அறியாமல் முழந்தாளிட்டிருந்த நம் பாட்டிமார் ஒன்றும் பெறாமலா வீடு திரும்பினர்? தமிழில் ஒவ்வொரு சொல்லும் விளங்கும் இன்று, நாம் செவிகொடுத்துக் கேட்கிறோமா? தாய்மொழி வழிபாடு நமக்குக் கிடைத்த பெரும்பேறு, அதில் ஐயமில்லை. ஆனால் விளங்கிவிட்டது என்ற எண்ணமே கவனத்தைத் தளர்த்துவதும் உண்டு. பணிக்கரின் எழுத்துகள் அந்தத் தளர்ச்சிக்கு இடந்தருவதில்லை. படித்து முடிக்க இயலாதாகையால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

எனினும் குறை கூறாமல் விடுவது திறனாய்வாகாது. இவ்வரிசையின் எல்லா ஓவியங்களும் ஒரே தரத்தின அல்ல. சிலவற்றில் குறியீடுகள் சேலைக் கரையின் பூவேலைபோல் வெறும் அழகாக நின்றுவிடுகின்றன. அவரைப் பின்தொடர்ந்தோர் சிலரிடம் இந்திய எழுத்தும் கட்டமும் எளிதில் விலைபோகும் முத்திரைகளாயின. தேடிக் கண்டவருக்கு அது விடை. எடுத்தாண்டவருக்கு வெறும் வாய்பாடு. உருவத்தை எழுதத் தெரிந்த கை அதைத் துறந்ததில்தான் பணிக்கரின் வலிமை இருக்கிறது. துறக்க ஏதுமில்லாதவரிடம் அவ்வலிமையை எதிர்பார்க்க இயலாது.

அவர் மாணவரைக் கைவிட்டவரும் அல்லர். ஓவியம் விற்காத காலத்தில், பத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்ற வருவாயைக்கொண்டு கலைஞர்கள் ஒன்றுகூடி நிலம் வாங்கினர். 1966இல் சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலக் கலைஞர் கிராமம் எழுந்தது. பகலில் கைத்தொழில், எஞ்சிய நேரத்தில் ஓவியம் என்பது அவர்கள் வகுத்த வாழ்வு. 1977இல் பணிக்கர் மறைந்தார். அவருடைய ஓவியங்களுக்கெனத் திருவனந்தபுரத்தில் ஒரு காட்சிக்கூடமும் உள்ளது.

அங்குச் செல்லும் வாய்ப்புடையோர், இது என்ன என்ற கேள்வியைச் சிறிது நேரம் தள்ளிவைத்துவிட்டு அப்படங்களின் முன் நிற்க வேண்டுகிறோம். கூரத்துச் செப்பேட்டைப் படிக்க வல்லவருக்கு நிலத்தின் எல்லைகள் கிடைக்கும். அவ்வறிவை நாம் குறைத்துக் கூறவில்லை. படிக்கத் தெரியாத நமக்கும் அதை எழுதிய கை தென்படுகிறது. பணிக்கரின் ஓவியங்களில் நமக்குக் கிடைப்பதும் அதுவே.