வேஷத்துக்கு வெகுமதி

கடையநல்லூரிலிருந்து செங்கோட்டை வெகு தூரமில்லை. எஸ். ஜி. கிட்டப்பா (1906–1933) பிறந்த ஊர் அது. அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் சாரீரத்தோடு நின்றுவிடுகிறார்கள். கே. பி. சுந்தராம்பாளோடு அவர் ஜோடி சேர்ந்த ஸ்பெஷல் நாடக மேடையில், பாடுவதைத் தவிர நடிகருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. தம் பாத்திரத்தைத் தாமே எழுதிக்கொள்ளும் வேலை அது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது. நாரதர் ஓர் ஊரிலிருந்து வருவார். வள்ளி வேறோர் ஊரிலிருந்து வருவாள். தனித்தனியே பேசி ஒப்புக்கொண்டு வந்தவர்கள். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) விட்டுப் போன கதையும் பாட்டுக்களுந்தான் அவர்களுக்குப் பொதுச் சொத்து. மற்றதெல்லாம் விடியும் மட்டும் மேடையிலேயே பிறந்தாக வேண்டும். ‘வள்ளி திருமண’த்தில் தினைப்புனம் காக்கும் வள்ளியும் நாரதரும் செய்கிற தர்க்கத்தைக் கேட்டவர்களுக்கு இது தெரியும். கதை ஒன்றேதான், ஆனால் ஒரு வள்ளி வாயாடி, ஒரு வள்ளி சிந்தனைக்காரி, இன்னொருத்தி வெறும் அசடு. எல்லாம் அந்தந்த நடிகையின் சிருஷ்டி.

இந்தச் சிருஷ்டிக்கு என்ன சன்மானம்? பேசிய சம்பளம் போக, ரசிகர்கள் தரும் அன்பளிப்பு. கொடுத்தவர் பெயரை மைக்கில் சொல்லியாக வேண்டும். அதுவரை வள்ளி கவணும் கையுமாக நிற்பாள். எனக்கு அன்பளிப்பின் மேல் கோபமில்லை. திருவிழாக் காலம் முடிந்தால் மேடை குறைந்துபோகும். அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். ஆனால் ரூபாய் நோட்டுக்குப் பொறுமை கிடையாது. பபூனின் இரட்டை அர்த்தத்துக்கு அது உடனே எழுந்து வரும். முதல் ஜாமத்தில் போட்டு வைத்த ஒரு சொல்லை மூன்றாம் ஜாமத்தில் எடுத்துப் பயன்படுத்துகிற நாரதருக்கு அது வருவதில்லை. எதற்குப் பணம் விழுகிறதோ அதுதானே மறுநாள் அடுத்த ஊர் மேடையிலும் விளையும்?

கடல் கடந்த ஒரு விளையாட்டிலும் இதே வழக்கு நடந்திருக்கிறது. 1974ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற அந்த விளையாட்டை மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுகிறார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பேசுவார்கள். ஒத்திகை இல்லாத நாடகம் என்றே சொல்லலாம். ஆரம்பத்தில் பிராணிகளைக் கொன்றாலும் புதையல் கொண்டுவந்தாலும் புள்ளி கிடைத்தது. வீரர்கள் எல்லோரும் புதையல் வேட்டைக்காரர்களானதில் ஆச்சரியமில்லை. 2014ல் வந்த பதிப்பு வேறு வழி சொன்னது. பாத்திரத்தின் சுபாவத்துக்கும் லட்சியத்துக்கும், முக்கியமாக அதன் குறைக்கும் உண்மையாக ஆடியவருக்கு ஒரு சலுகை. வேண்டும்போது இருபது முகப் பகடையை இரண்டு முறை உருட்டி, பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். கோழையைக் கோழையாகவே ஆடியதற்குப் பரிசு! நம் நாவலாசிரியர்களில் சிலருக்கே இந்த விதி தெரியாது.

பாத்திரத்தின் பூர்வ கதையை வீட்டிலேயே எழுதிக்கொண்டு வந்தால் புள்ளி தரும் மேஜைகளும் உண்டு. இதை நான் ஒப்பவில்லை. பக்கத்துக்குக் கூலி என்றால் பக்கம்தான் பெருகும். பத்துப் பக்கத்தில் வருகிற காணாமற்போன தம்பி, ஆட்டம் முடிகிற வரை தாளிலேயே கிடப்பான். அவனை ஓர் அத்தியாயத்தில் சத்திரத்து வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிறாரே கதை நடத்துபவர், அந்த உபகாரத்துக்குப் பத்துப் புள்ளி ஈடாகாது. எழுதியவன் முகம் மலர்வது அப்போதுதான்.

நல்ல ஸ்பெஷல் நாடக நடிகர்கள் இதை வெகு காலமாகச் செய்துவருகிறார்கள். வள்ளி எதிர்பாராத ஒரு கேள்வியைப் போடுகிறாள். நாரதர் பாடம் பண்ணி வைத்திருந்த பதிலைக் கைவிட்டு, ஒரு கணம் தயங்கி, அவள் சொல்லிலிருந்தே புதிதாக ஆரம்பிக்கிறார். ஹார்மோனியக்காரர் நிமிர்ந்து பார்க்கிறார். அந்தச் சமயம் பார்த்து நோட்டோடு எழுந்திருக்கும் ரசிகரை, பக்கத்தில் இருப்பவர் துண்டைப் பிடித்து உட்கார வைத்தால் தேவலை.