களத்துக்கும் அரங்கத்துக்கும் நடுவில்

தஞ்சாவூர்க்காரனும் திருச்சிக்காரனும் பேச ஆரம்பித்தால் மூன்றாவது நிமிடத்தில் சண்டை வந்துவிடும். பெரிய கோயிலா மலைக்கோட்டையா என்பது முதல் சுற்று. திருச்சிக்காரன் ஸ்ரீரங்கத்தைக் கூடச் சேர்த்துக்கொள்வான். இவன் பதிலுக்குக் கும்பகோணத்தை இழுப்பான். அடுத்தது விமான நிலையம், 2025 மே மாதம் திறந்த பஞ்சப்பூர் பேருந்து முனையம் என்று போகும். அதில் தஞ்சாவூர்க்காரனுக்குப் பேச்சில்லை. சில வருடங்களாக இந்தச் சண்டையில் இன்னொரு சுற்றும் சேர்ந்திருக்கிறது: ஸ்டேடியம். "உங்க ஊர்ல ஸ்டேடியம்னு ஒண்ணு இருக்கா?" என்று திருச்சி கேட்கும். "ஏன், அன்னை சத்யா இல்லையா?" என்று தஞ்சாவூர் சொல்லும். அப்புறம் ஓடுபாதை, உள்ளரங்கம், கேலரியில் எத்தனை பேர் உட்காரலாம் என்று பட்டியல் நீளும்.

இந்தப் பட்டியலை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசிக்கலாம் என்று தோன்றுகிறது. நாம் எதை வசதி என்கிறோம், எதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை என்பது அதில் அப்படியே தெரிகிறது.

முதலில் பெயர்கள். திருச்சியில் இருப்பது அண்ணா விளையாட்டரங்கம். தஞ்சாவூரில் இருப்பது அன்னை சத்யா விளையாட்டரங்கம். ஒன்று ஒரு முதலமைச்சர் பெயரில், இன்னொன்று இன்னொரு முதலமைச்சரின் தாயார் பெயரில். இரண்டு வாசலிலும் ஒரு விளையாட்டுக்காரரின் பெயர் இல்லை. ஆட ஆள் இல்லாத ஊர்களா இவை? 2021ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்குக்கான இந்தியத் தடகள அணியில் திருச்சி மாவட்டத்திலிருந்து மட்டும் ஆரோக்கிய ராஜீவ், தனலட்சுமி, சுபா வெங்கடேசன் என மூன்று பேர் இருந்தார்கள். தஞ்சாவூர் மாவட்டத்துக்காரரான தர்மராஜ் சேரலாதன் 2016 கபடி உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியில் இருந்தார். அப்போது அவருக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. ஸ்டேடியம் சண்டை போடுகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர்கள் தெரியும்? கேலரி எண்ணிக்கை தெரியும்.

அடுத்து, 'சர்வதேசத் தரம்' என்ற சொல். எந்த ஊரில் எந்த அரங்கம் அறிவிக்கப்பட்டாலும் இது முன்னால் வந்து நிற்கிறது. மதுரைக்கு அது பொருந்திவிட்டது. 2025 நவம்பர், டிசம்பரில் ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பை சென்னையோடு சேர்த்து மதுரையிலும் நடந்தது. திருச்சியில் ஒலிம்பிக் அகாடமி என்று அரசு அறிவித்திருக்கிறது. இதையெல்லாம் பார்த்துவிட்டுத் தஞ்சாவூர்க்காரன் 'எங்களுக்கு ஏன் இல்லை?' என்கிறான். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு நாம் வழக்கமாகச் சொல்லும் பதில், அரசியல்வாதிகள் கவனிக்கவில்லை என்பது, பாதிதான் சரி. மீதிப் பாதி மண்ணில் இருக்கிறது.

டெல்டாக் கணக்கில் நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி, அதாவது கிட்டத்தட்ட ஆறே முக்கால் ஏக்கர். 400 மீட்டர் ஓடுபாதை ஒன்று போட வேண்டுமென்றால் பாதைக்கும் அதன் உள்வட்டத்துக்கும் மட்டுமே நான்கு ஏக்கர் வேண்டும். பன்னிரண்டு மா. மதுரை மாவட்டத்தில் கீழக்கரை மலையடிவாரத்தில் கட்டி 2024 ஜனவரி 24 அன்று திறந்த ஜல்லிக்கட்டு அரங்க வளாகம் 66 ஏக்கர். எங்கள் பக்கத்துப் பேச்சில் சொன்னால் பத்து வேலி. பத்து வேலி என்பது டெல்டாவில் ஒரு காலத்தில் ஒரு மிராசுதாரின் சொத்து. திருச்சி காவிரிக் கரையில் இருந்தாலும் நகரம் தெற்கே வளர்ந்தது வானம் பார்த்த மேட்டு நிலத்தில். பாறை, செம்மண், புறம்போக்கு. அங்கே பெரிதாக ஒன்றைக் கட்ட இடம் கிடைக்கும். தஞ்சாவூருக்குக் கிழக்கே தட்டையாக, விளையாட லாயக்காக எந்த இடம் இருக்கிறதோ அது ஏற்கனவே நஞ்சை. அதில் நெல் நிற்கிறது. 2020ல் வந்த காவிரி டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம்கூடத் தஞ்சாவூரை உள்ளே வைத்து, திருச்சியை வெளியே விட்டது. அந்தச் சட்டம் ஸ்டேடியத்தைத் தடுக்கவில்லை. ஆனால் இரண்டு ஊருக்கும் நடுவில் எங்கே கோடு விழுகிறது என்று காட்டுகிறது.

அப்படியென்றால் டெல்டாப் பிள்ளைகள் எங்கே விளையாடுகிறார்கள்? வயலில். அதுவும் எல்லா நாளும் இல்லை. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாலேயே ஈரத்தில் உளுந்தும் பயறும் தெளித்துவிடுவார்கள். தையில் நெல் போனாலும் நிலம் காலியாவதில்லை. உளுந்து எடுத்து முடிக்கப் பங்குனி ஆகிவிடும். மேட்டூரை ஜூன் 12 அன்று திறப்பது வழக்கம். தண்ணீர் வந்தால் குறுவைக்கு உழவு. ஆக நடுவில் இரண்டு இரண்டரை மாதம்தான் வயல் பிள்ளைகளுக்கு. அந்தக் கோடையில்தான் கட்டியை உடைத்து, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்பில் கோடு போட்டுக் கபடிக் களம் தயாராகும். ஆண்கள் ஆடும் களம் 13 மீட்டருக்கு 10 மீட்டர். ஒரு மா நிலத்தில் நெருக்கிப் போட்டால் பத்துக் களம் போடலாம். கபடி டெல்டாவில் ஏன் இப்படி ஊறிப்போயிருக்கிறது என்பதற்கு வீரம், மரபு என்றெல்லாம் விளக்கம் கொடுப்பார்கள். எனக்கு இந்தக் கணக்கே போதுமானதாகத் தெரிகிறது. குறைந்த நிலம், பந்துகூட வேண்டாத ஆட்டம்.

தமிழில் நெல் அடிக்கும் இடமும் களம், ஆடும் இடமும் களம். டெல்டாவில் இது சொல் விளையாட்டு இல்லை, நிஜமாகவே ஒரே இடம்.

இதையெல்லாம் எழுதும்போது ஓர் ஆபத்து இருக்கிறது. 'ஸ்டேடியம் எதற்கு, எங்கள் வயலே ஸ்டேடியம்' என்று உருகிவிடலாம். கிராமத்தைப் பற்றி எழுதுகிற நம் கட்டுரைகள் பலதும் அந்த இடத்தில்தான் வழுக்குகின்றன. வயல் யாருடையது என்று கேட்டால் உருகல் நின்றுவிடும். ஊர்த் திடலில் கால் வைக்கிற பையனிடம் முதல் கேள்வி "எந்தத் தெரு தம்பி?" என்பதுதான். நான் பார்த்த ஊர்களில் ஊருக்கு ஒரு அணி, காலனிக்கு ஒரு அணி. இரண்டும் ஒரே களத்தில் பயிற்சி எடுத்ததை நான் பார்த்ததில்லை. போட்டியில் மோதும்போது நடுவரின் ஒரு விசில் என்னவாகும் என்று எல்லோருக்கும் தெரியும். 2025ல் வந்த மாரி செல்வராஜின் 'பைசன்' தூத்துக்குடிப் பக்கத்தில் வைத்துப் பேசியது இதைத்தான். ஆட்டத்துக்குள் போகவே ஒருவன் எத்தனை வேலிகளைத் தாண்ட வேண்டியிருக்கிறது என்பதை. டெல்டாவில் அப்படி ஒரு படம் வரவில்லை என்பதற்காக இங்கே வேலி இல்லை என்று ஆகிவிடாது.

பெண் பிள்ளைகளுக்கு வேலி இன்னும் கிட்டத்தில். கோடையில் எங்கள் பக்கம் சுவர் சுவராக மின்னொளிக் கபடிப் போட்டி போஸ்டர் ஒட்டியிருக்கும். சவுக்குக் கட்டை கட்டிய கேலரி, விடிய விடிய மைக், முதல் பரிசு இவ்வளவு என்று எழுதிய ஃபிளக்ஸ். பார்க்க எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்த வெளிச்சத்தில் பெண்கள் அணி ஆடுவது அபூர்வம். உடை மாற்ற அறை கிடையாது, கழிப்பறை கிடையாது. கடைசி டவுன் பஸ் போய்விட்டிருக்கும்.

அரங்கத்தின் பெருமை இங்கேதான் எனக்குப் பிடிபடுகிறது. அரசு விளையாட்டரங்கத்தின் வாசலில் எந்தத் தெரு என்று கேட்க முடியாது. கேட்டால் தப்பு என்று சொல்ல ஓர் இடமாவது இருக்கிறது. ஸ்டேடியம் வேண்டும் என்பதற்குச் சிந்தெட்டிக் டிராக்கைவிட இது பெரிய காரணம். ஆனால் ஒப்பிட்டுச் சண்டை போடுகிற யாரும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

பேராவூரணிக்குப் பக்கத்தில் ஒரு பெண், பத்தாவது படிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பள்ளி நாலரைக்கு விடுகிறது. பட்டுக்கோட்டை வழியாகத் தஞ்சாவூர் வந்து சேரவே இரண்டு மணி நேரம் ஆகும். அவளுக்கு அன்னை சத்யா அரங்கமும் அண்ணா அரங்கமும் ஒன்றுதான். இரண்டுமே அடுத்த நாட்டில் இருக்கின்றன. 2021லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம். இந்த மாவட்டத்தில் விளையாட்டுக்காகச் செய்த நல்ல காரியங்களைப் பட்டியல் போட்டால் நான் அதையும் சேர்ப்பேன், அது விளையாட்டுத் துறையின் திட்டமாக இல்லாவிட்டாலும். ஆனால் பேருந்து இலவசமாக இருந்தாலும் போய்ச் சேருமிடம் பக்கத்தில் இருக்க வேண்டுமே.

பக்கத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தஞ்சாவூர் - மன்னார்குடி சாலையில் வடுவூர் இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்கு அது பறவைகள் சரணாலயம். எங்களுக்குக் கபடி ஊர். அங்கே உள்விளையாட்டரங்கமும் வந்துவிட்டது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியச் சிறுவர் கபடி அணியில் வடுவூர் அபினேஷ் இருந்தார். அதே போட்டியில் சிறுமியர் அணியில் தங்கம் வென்றவர் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா. இருவருக்கும் அரசு ஆளுக்கு 25 லட்ச ரூபாய் கொடுத்தது. ஒருவர் வயல்காட்டு ஊரிலிருந்து, ஒருவர் நகரத்திலிருந்து விரட்டிக் குடிவைக்கப்பட்டவர்களின் குடியிருப்பிலிருந்து. இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது வீட்டுக்குப் பக்கத்தில் ஆட ஒரு இடமும், தினமும் வந்து நின்ற பயிற்சியாளர்களும்தான்.

இது பதக்கம் பற்றிய விஷயம் மட்டுமில்லை. எங்கள் பக்கத்துப் பையன் கபடி ஆடுவது பெரும்பாலும் வேலைக்காக. போலீஸ், ரயில்வே, வங்கி. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு ஒதுக்கீடு 3 சதவீதம். ஆனால் மின்னொளிப் போட்டியில் வாங்கிய ஆளுயரக் கோப்பையைக் கொண்டுபோய் அங்கே வைக்க முடியாது. அங்கீகரிக்கப்பட்ட போட்டியில் ஆடிய சான்றிதழ் வேண்டும். அந்தப் போட்டிகள் இப்போது மேட்டில் நடக்கின்றன. வெறுங்காலில் மண்ணில் பழகியவன் ஷூ போட்டு மேட்டில் இறங்கினால் முதல் பத்து நிமிடம் அவன் கால் அவன் பேச்சைக் கேட்காது. தேர்வில் அவனுக்குக் கிடைப்பதே அந்தப் பத்து நிமிடம்தான். திருச்சிக்கு இந்த விஷயத்தில் பழைய சாதகம் ஒன்று உண்டு. பொன்மலை ரயில்வே பணிமனையும் பெல் நிறுவனமும் வேலையோடு மைதானத்தையும் கொண்டுவந்த ஊர் அது. தஞ்சாவூருக்கு 1981ல் தமிழ்ப் பல்கலைக்கழகம் வந்தது, சில வருடத்தில் தென்னகப் பண்பாட்டு மையம் வந்தது. ஒரு ஊரை உழைக்கிற ஊர் என்றும் இன்னொன்றைக் கலை ஊர் என்றும் முடிவுகட்டிவிட்டால் கலை ஊரின் உடம்பை யாரும் பார்க்க மாட்டார்கள்.

இலக்கியமும் அப்படித்தான் பார்த்தது. தி. ஜானகிராமனின் தஞ்சாவூரில் சங்கீதம் இருக்கிறது, காவிரி இருக்கிறது. சோலை சுந்தரபெருமாளிடம் வயலும் கூலியும் இருக்கின்றன. மதுரைப் பக்கத்துக்குச் சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' இருக்கிறது. நான் படித்த அளவில் டெல்டாக் கதைகளில் மனதில் நின்ற ஒரு கபடி ஆட்டம் இல்லை. தஞ்சாவூர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதையில் வியர்வைக்கு வயலில் மட்டும்தான் இடம். டிஎன்பிஎல் 2016ல் தொடங்கியது. தஞ்சாவூர் பெயரில் இதுவரை ஓர் அணி இல்லை. திருச்சி பெயரில் அணி இருக்கிறது, ஆனால் அது ஆடுவது திண்டுக்கல், சேலம், கோவை, நெல்லை மைதானங்களில். சண்டை போடும் இருவரும் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

கீழக்கரைக்கு ஒரு முறை திரும்பிப் போவோம். அவ்வளவு பெரிய அரங்கம் வந்த பிறகும் தை மாதம் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு ஊருக்குள் இருக்கும் பழைய வாடிவாசலில்தான் நடக்கிறது. அரங்கத்தைக் கட்டிவிடலாம், ஆட்டம் தன் இடத்தை விட்டு வராது. தஞ்சாவூரில் திருச்சியைவிடப் பெரிதாக ஒன்று கட்டினாலும் வடுவூரும் ஒரத்தநாடும் பேராவூரணியும் இருக்கும் இடத்தில்தான் இருக்கும். தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம் என்று 2023ல் அரசு அறிவித்த திட்டம் இந்த வகையில் சரியான திசை. ஒவ்வொன்றுக்கும் 3 கோடி ரூபாய் என்றார்கள். டெல்டாவுக்கு அதையும் சின்னதாக்கிக் கேட்கலாம். ஒன்றியத்துக்கு நாலைந்து இடத்தில் ஒரு மா மேட்டு நிலம், மழை படாத கூரை, ஒரு செட் மேட், விளக்கு, பூட்டாத கழிப்பறை, சம்பளம் ஒழுங்காக வரும் ஒரு பயிற்சியாளர். குறுவையோ சம்பாவோ, வருடம் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். ஊர்ப் பெரியவர் கையில் சாவி இருக்கக் கூடாது.

அடுத்த முறை இரண்டு ஊருக்கும் ஸ்டேடியம் சண்டை வந்தால் கேலரியை எண்ண வேண்டாம். சாயங்காலம் ஐந்து மணிக்கு உங்கள் மாவட்டத்தில் எத்தனை பெண் பிள்ளைகள் களத்தில் நிற்கிறார்கள், எந்தெந்தத் தெருவிலிருந்து வந்திருக்கிறார்கள், இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர பஸ் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். திருச்சியிடம் கேட்டாலும் தஞ்சாவூரிடம் கேட்டாலும் பதில் சொல்லக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.