வாடிப்பட்டி மேளமும் இரண்டாயிரம் ரூபாய் இயர்போனும்

மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் சாலையில் உள்ள வாடிப்பட்டியின் பெயரைச் சொன்னதும் தென்மாவட்டத்து ஆட்களுக்கு மேளம்தான் நினைவுக்கு வரும். கல்யாண ஊர்வலம், முளைப்பாரி, கட்சிக் கூட்டம், இழவு வீடு என்று ஆள் கூடும் இடமெல்லாம் தோல்வாத்தியம் அதிர்ந்தாக வேண்டிய வட்டாரம் இது. ஜல்லிக்கட்டுக்குப் பேர்போன அலங்காநல்லூரும் இதே வட்டத்தில்தான் இருக்கிறது. இந்தச் சத்தத்தைப் பக்கத்தில் நின்று கேட்டு வளர்ந்த ஒருவர், மலிவு விலை இயர்போன் ஒன்றை எடைபோட வெளிநாட்டு விமர்சகர் சொல்லும் பாட்டுப் பட்டியலைத் தேடிப் போக வேண்டியதில்லை என்பது என் கட்சி. தப்பு என்னும் தோல்வாத்தியத்தில் விழும் ஓர் அடி எப்படித் தொடங்கி எப்படி அடங்குகிறது என்று அவர் காதுக்கு ஏற்கெனவே தெரியும். அந்த அடியை ஒழுங்காகக் கொண்டுவந்து சேர்க்கிறதா என்று பார்த்தாலே கருவியின் தரத்தில் பெரும்பங்கு வெளிப்பட்டுவிடும். இன்னொன்றையும் இதோடு சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த அடி சரியாக விழுவது உள்ளே இருந்து ஒலியெழுப்பும் டிரைவரைப் பொறுத்தது என்பதைவிட, காதுக்குள் உட்காரும் சின்ன ரப்பரைப் பொறுத்தது. ஒலிக்கு ஒரு மதிப்பெண், சௌகரியத்துக்கு ஒரு மதிப்பெண் என்று பிரித்துப் போடும் பழக்கம் அதனாலேயே தவறு.

இன்-இயர் மானிட்டர் என்று இன்று கடைகளில் விற்கும் இந்தக் காதுக்குள் போகும் இயர்போனுக்கு இரண்டு பூர்வீகம். செவித்திறன் கருவிகளுக்காக உருவான சின்னஞ்சிறு ஒலிப்பான்களை வைத்து அமெரிக்காவின் எட்டிமோட்டிக் நிறுவனம் 1991-இல் ஈ.ஆர்-4 என்ற மாதிரியைக் கொண்டுவந்தது. காதுக்குழாயை அடைத்து, அடைத்த காதுக்குத் தக்கபடி ஒலியைத் திருத்திக் கொடுப்பது அதன் தத்துவம். ராக் கச்சேரி மேடைகளில் இன்னொரு தேவை எழுந்தது. டிரம்மர் தன் காலடியில் அலறும் ஸ்பீக்கர் இல்லாமலே தன் இசையைக் கேட்க வேண்டும். இரண்டும் சேர்ந்து பிறந்த சாதனம் நெடுநாள் விலை உயர்ந்ததாகவே இருந்தது. கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் சீனாவின் கே.இசட்., பிலான், மூன்டிராப் போன்ற நிறுவனங்கள் இந்த நிலையைத் தலைகீழாக்கின. 2022-இல் ஏறத்தாழ இருபது டாலர் விலைக்கு வந்த மூன்டிராப் சூ, ஒரே ஒரு 10 மில்லிமீட்டர் டிரைவரை ஒழுங்காகச் சுதி சேர்த்தால் என்ன கிடைக்கும் என்று காட்டியது. நம்மூர்க் கணக்கில் ஆயிரத்துக்கும் மூவாயிரத்துக்கும் நடுவில் இன்று கிடைக்கும் நல்ல ஒயர் இயர்போன்கள் அந்த வரிசையில் வந்தவையே. பெட்டியின் மேல் ஐந்து டிரைவர், பத்து டிரைவர் என்று அச்சிட்டிருப்பதை மதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சரியாக ஒத்துப்போகாத பத்துப் பேரைவிடத் தேர்ந்த ஒருவர் வாசிப்பு மேல்.

இனி அந்த அடியைப் பார்ப்போம். தப்பு என்பது வேப்பமரச் சட்டங்களை வட்டமாகச் சேர்த்து, புளியங்கொட்டைப் பசையால் தோலை ஒட்டிய ஒருமுகக் கருவி. இடது கையில் மெல்லிய நீளமான குச்சி, வலது கையில் குட்டையான, சற்றுத் தடித்த அடிக்குச்சி. வாசிக்கும் முன் தீயில் காட்டித் தோலை விறைக்க வைப்பார்கள். காய்ந்து விறைத்த தோலில் அடிக்குச்சி விழும்போது முதலில் கேட்பது குச்சியின் ஓசை. கூரான, உலர்ந்த ஒரு வெடிப்பு அது. சில ஆயிரம் ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் தோன்றி உடனே மறைந்துவிடும். அதன் பின்னாலேயே தோலின் உடம்பு எழுகிறது. அது தாழ்ந்த ஒலி, கொஞ்சம் நீடிக்கிறது. மெல்லிய குச்சி விளிம்பில் தொடுவது இவை இரண்டுக்கும் நடுவில் ஓடும் தனி இழை. மிருதங்கத்தின் கருப்புச் சோறு மேல்சுரங்களை ஒழுங்குபடுத்தி ஒரு சுருதியில் நிறுத்துகிறது என்பதை சி.வி. ராமன் 1920-லேயே 'நேச்சர்' இதழில் எழுதினார். தப்பில் அப்படிச் சோறு கிடையாது. ஆகவே அதற்குத் திட்டமான சுருதி இல்லை. சுருதியைப் பிடித்துக்கொண்டு அடையாளம் காண வழியில்லாததால், குச்சி, தோல், விளிம்பு என்ற மூன்றின் விகிதம் பிசகாமல் வந்தால்தான் காது அதைத் தப்பு என்று ஒப்புக்கொள்ளும். விகிதம் மாறினால் அது பிளாஸ்டிக் வாளியில் தட்டியது போலவோ, மூடிய அறைக்கு அப்பால் கேட்பது போலவோ ஆகிவிடும். மலிவான கருவியைச் சோதிக்க இதைவிடக் கறாரான பரீட்சை இல்லை.

இங்கே எழும் முதல் மறுப்பு வலுவானது. மேளம் என்றாலே அதிர்வுதான், அது நெஞ்சில் இடிக்க வேண்டும், ஆகவே பேஸ் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்பார்கள். மலிவு விலைச் சந்தையில் பாதிக்கு மேல் இந்த நம்பிக்கையை வைத்தே ஓடுகிறது. நெஞ்சில் இடிப்பது உண்மை. ஆனால் அந்த இடி காது வழியாக வருவதில்லை. பெரிய தோல் பரப்பு தள்ளும் காற்று நம் உடம்பு முழுவதிலும் மோதுகிறது, தரை வழியாகக் காலில் ஏறுகிறது. விரல்நுனி அளவுள்ள டிரைவர் செவிப்பறையை மட்டுமே தள்ளும். உடம்பில் விழாததைக் காதில் ஈடுகட்டலாம் என்று தாழ்ந்த ஒலியைக் கூட்டினால் என்ன ஆகும்? உரத்த தாழ்ஒலி தனக்கு மேலே உள்ள ஒலிகளை மூடிவிடும் என்பது செவியியலில் பழைய பாடம். குச்சியின் வெடிப்பு முதலில் காணாமல் போகும். பிறகு இரண்டு அடிகளுக்கு நடுவே இருக்க வேண்டிய வெற்றிடம் நிரம்பும். மேளத்தின் வேகமே அந்த வெற்றிடத்தில்தான் இருக்கிறது. உறுமியை வைத்துச் சோதித்தால் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். வளைந்த குச்சியால் ஒருபக்கத் தோலைத் தேய்க்கும்போது வரும் முனகல் கீழிருந்து மேலாக வழுக்கிக்கொண்டு போகும். பேஸ் ஊதிய இயர்போனில் அந்த வழுக்கல் ஓரிடத்தில் மட்டும் திடீரென்று பெருத்து, மற்ற இடங்களில் மெலியும். நல்ல கருவியில் அது ஒரே கோடாக ஏறும். ஆக, பேஸ் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அது ஆழத்தில் இருக்கட்டும், குரலும் குச்சியும் இருக்கும் இடத்தில் வழிந்து ஏறக் கூடாது.

உயர்ந்த ஒலிகளைச் சோதிக்க நாயனம் (நாதஸ்வரம்) இருக்கிறது. 1968-இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்துக்காக மதுரை சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்ததைக் கேட்டால் போதும். சீவாளியிலிருந்து புறப்படும் அந்த ஒலி மேல்சுரங்களால் நிறைந்தது, திறந்த வெளிக்கென்றே உருவானது. நம் திறந்த காதுக்குழாய் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் நீளம். அந்த நீளத்தால் அது 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளை இயல்பாகவே பெருக்கித் தருகிறது. இயர்போன் காதை அடைத்ததும் இந்தப் பெருக்கம் கலைந்துவிடுவதால், கருவியே அதைத் திரும்பச் சேர்க்க வேண்டியிருக்கிறது. கொஞ்சம் குறைத்துச் சேர்த்தால் நாயனக்காரர் திரைக்குப் பின்னால் போய்விடுவார். கொஞ்சம் மிஞ்சினால் சீவாளி ஊசியாகிக் குத்தும். 'துல்லியம்' என்று விளம்பரப்படுத்தப்படும் பல மலிவுக் கருவிகள் இந்த இரண்டாவது குற்றத்தைச் செய்கின்றன. முதல் ஐந்து நிமிடம் பளிச்சென்று இருக்கும், அரை மணியில் காது சோர்ந்துவிடும். கடையில் ஐந்து நிமிடக் கேட்பை நம்பி வாங்குகிறவர் ஏமாறுவது இங்கேதான். பழைய பதிவு ஆயிற்றே, ஒற்றைத் தட ஒலிப்பதிவு ஆயிற்றே, அதை வைத்து எப்படிச் சோதிப்பது என்று கேட்கலாம். அகலமோ ஆழமோ அதில் சோதிக்க முடியாதுதான். ஆனால் ஒரு வாத்தியத்தின் நிறத்தைச் சோதிக்க அது தாராளம். அகலத்துக்கும் தோல்வாத்திய அடர்த்திக்கும் 'பருத்திவீரன்', 'கர்ணன்' போன்ற இந்த நூற்றாண்டுப் படங்களின் ஒலிப்பதிவுகள் இருக்கின்றன. செல்போனில் எடுத்த திருவிழாக் காணொளியை மட்டும் தவிர்க்க வேண்டும். உரத்த ஒலியை அந்தச் சின்ன மைக் நசுக்கிவிடுவதால், அதில் நாம் கேட்பது மைக்கின் தோல்வியைத்தான்.

இனி ரப்பர். மூடிய சிறு வெளிக்குள் டிரைவரின் சவ்வு காற்றை அழுத்துகிறது. அந்த அழுத்தமே நமக்குத் தாழ்ந்த ஒலி. ஓரத்தில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் அழுத்தம் அதன் வழியே கசிந்துவிடும், தாழ்ந்த ஒலிகள் முதலில் போகும். தப்பின் உடம்பு மறைந்து குச்சி மட்டும் மிஞ்சும். 'இதில் பேஸே இல்லை' என்று ஒதுக்கப்படும் கருவிகளில் கணிசமானவை உண்மையில் காதில் உட்காராதவை. 2019-இல் வந்த பிலான் பி.எல்-03 இதற்கு நல்ல சான்று. ஒலிக்காகப் பெரிதும் புகழப்பட்டது, ஆனால் அதன் குழல்முனை குட்டை. கூட வந்த ரப்பரைக் கழற்றி வேறு நீளமான ரப்பர் மாட்டியவர்களுக்கு மட்டுமே அந்தப் புகழின் பொருள் விளங்கியது. ஒரே ஆளின் இடக்காதும் வலக்காதும் ஒரே அளவாக இருப்பதில்லை. ஒரு பக்கம் நடுத்தரம், மறுபக்கம் சிறியது என்று கலந்து மாட்டிக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மாட்டும்போது மறுகையால் காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்தால் குழாய் நேராகும், ரப்பர் மடங்காமல் உள்ளே போகும். போட்ட பிறகு வாயை அசைத்து, மென்று பார்க்க வேண்டும். தாடை அசையும்போது காதுக்குழாயின் வடிவமும் சற்று மாறுகிறது. அப்போது தாழ்ந்த ஒலி வந்து வந்து போனால் அந்த அளவு பொருந்தவில்லை என்று பொருள். அழுத்தும்போது மொறுமொறு என்று ஒரு சத்தம் கேட்டால், அது உள்ளே சிக்கிய காற்று சவ்வை வளைப்பது. மெதுவாக மாட்டினால் தணியும், எப்படி மாட்டியும் தணியவில்லையென்றால் அந்தக் கருவியை விட்டுவிடலாம்.

மதுரைச் சமவெளியின் வெயில் இதில் தனி அத்தியாயம். ஏப்ரல், மே மாதங்களில் வியர்வையில் சிலிகான் வழுக்கும், பிடிப்பு தளரும், ஒலி மெலியும். குழல்முனையின் வலையில் ஈரமும் குறும்பியும் படிந்து ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறைவது இங்கே சாதாரணம். பஞ்சு போன்ற நுரை முனை நன்றாக அடைக்கும், ஆனால் வியர்வையை உறிஞ்சிச் சீக்கிரம் கெடும். இந்த வெப்பத்துக்கு மெல்லிய, ஒட்டும் தன்மையுள்ள சிலிகானே ஏற்றது என்பது என் கணிப்பு. உலோக உடல் பார்க்க அழகாகவும் உறுதியாகவும் இருக்கலாம். காதுமடலின் குழியில் அதன் விளிம்பு எங்கே அழுத்துகிறது என்பது நாற்பது நிமிடம் கழித்தே தெரியும். ஒயரைக் காதுக்குப் பின்னால் சுற்றிப் போடும் அமைப்பு எடையைப் பகிர்ந்துகொள்வதோடு, ஒயர் சட்டையில் உரசும் சத்தம் காதுக்கு ஏறுவதையும் குறைக்கும். பெரும்பாலான மாதிரிகளின் உடல் பெரிய காதுகளை மனத்தில் வைத்தே வார்க்கப்படுகிறது. சிறிய காதுள்ளவர்கள், அவர்களில் பெண்கள் அதிகம், 'இன்-இயர் எனக்கு ஒத்துக்கொள்ளாது' என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். ஒத்துக்கொள்ளாதது அந்த வார்ப்பு. இந்தக் குறையை எந்த ஒலித் திருத்தமும் தீர்க்காது. செல்போன் ஈக்வலைசரில் மேலே குத்துவதைக் குறைக்கலாம், கீழே ஊதியதை வற்றவைக்கலாம். கசியும் காதை அடைக்க அதனால் முடியாது.

இவ்வளவு பாடு எதற்கு, அதிர்வெண் வாரியாக ஒலியின் அளவைக் காட்டும் அளவைக் கோடுகளைப் பார்த்து வாங்கினால் போதாதா என்ற வாதமும் உண்டு. அவை பயனுள்ளவை, மோசமானவற்றைக் கழித்துவிட அவற்றைவிட நல்ல வழி இல்லை. ஆனால் அந்தக் கோடு ஒரு செயற்கைக் காதில், கச்சிதமாக அடைத்து எடுத்தது. 8,000 ஹெர்ட்ஸை ஒட்டி வரும் ஒரு கூரிய ஏற்றம், கருவி எவ்வளவு ஆழம் போகிறது என்பதைப் பொறுத்து இடம் மாறும். அளவு சொல்வதற்கும் உங்கள் காது கேட்பதற்கும் நடுவில் உங்கள் காதின் வடிவம் நிற்கிறது. ரசனை ஆளுக்கு ஆள் மாறும், எனவே அளவுகோலே வேண்டாம் என்பவர்களுக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. பேஸ் கூடவா குறையவா என்பதில் விருப்பம் மாறலாம். தப்பின் ஓசை தப்பின் ஓசையாகவே கேட்கிறதா என்பதில், அதை நேரில் கேட்டவர்கள் இருவருக்குள் பெரிய வேறுபாடு வராது.

பொருந்தி அடைக்கும் ரப்பருக்கு இன்னொரு பலனும் உண்டு. மாட்டுத்தாவணியிலோ ஆரப்பாளையத்திலோ பஸ் ஏறி வாடிப்பட்டி வரை ஒருவர் பாட்டுக் கேட்டுக்கொண்டு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இஞ்சின் இரைச்சல் பெரும்பாலும் தாழ்ந்த ஒலி. கசியும் இயர்போனும் அதே தாழ்ந்த ஒலியைத்தான் இழக்கிறது. இரண்டையும் ஈடுகட்ட அவர் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போவார். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதென்றால் 80 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. மூன்று டெசிபல் ஏறினால் கேட்கும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும், அப்படியானால் 83-க்கு 20 மணி, 86-க்கு 10 மணி. இரண்டாயிரம் ரூபாய்க்கு இயர்போன் வாங்குகிறவர் அதற்குள்ளேயே முந்நூறு ரூபாயைத் தனியாக எடுத்துவைத்து, மூன்று நான்கு அளவுகளில் வேறு ரப்பர்களும் வாங்கிக்கொள்ளட்டும். கூட வரும் ஜோடி பொருந்தவில்லை என்றால், பொருந்தும் ஒன்று கிடைக்கும்வரை அந்தக் கருவியைப் பற்றி நல்லதோ கெட்டதோ எந்தத் தீர்ப்பும் எழுத வேண்டாம்.