புலம்பலின் நடுவே தேவ உண்மை

புலம்பல் 3:22, 23 வசனங்களை அறியாத திருச்சபையார் நம்மிடையே அரியர். ஆண்டவரின் இரக்கம் ஓய்வதில்லை, விடியல்தோறும் புதுமை பெறுகிறது என்னும் அவ்வறிக்கையைத் தாமஸ் சிஸ்ஹோம் 1923இல் எழுதிய ஆங்கிலப் பாடல் உலகெங்கும் பரப்பிற்று. நம் நாட்காட்டிகளிலும் வாக்குத்தத்த அட்டைகளிலும் அது இடம்பெறுகிறது. ஆயினும் அந்நூலின் ஏனைய பகுதிகள் நம் பிரசங்க பீடங்களில் ஒலிப்பது மிக அரிது. இவ்வாறு இரு வசனங்களை மட்டும் பிரித்தெடுத்து வாசிப்பது தகுமா என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகும் பொருள்.

நூலின் அமைப்பை முதலில் நோக்குவோம். கி.மு. 587இல் (586 என்பாரும் உளர்) பாபிலோனியர் எருசலேமை அழித்தனர். அவ்வழிவைக் குறித்து எழுந்தவை இவ்வைந்து பாடல்கள். முதல் நான்கும் எபிரெய நெடுங்கணக்கின் 22 எழுத்துகளைத் தழுவிய அகரவரிசைப் பாக்கள். மூன்றாம் பாடலில் எழுத்துக்கு மும்மூன்றாக 66 வசனங்கள் உள்ளன. நாம் போற்றும் அறிக்கை, எட்டாம் எழுத்தாகிய ஹேத் பகுதியில் அமைந்துள்ளது. தன் நம்பிக்கை அற்றுப்போயிற்று என்று 3:18இல் கூறியவனே சில அடிகளுக்குள் அவ்வறிக்கையைச் செய்கிறான். பின்னர் 3:42-44இல், தேவன் மன்னிக்கவில்லை என்றும், மன்றாட்டு நுழையாதபடி மேகத்தால் தம்மை மூடிக்கொண்டார் என்றும் அவனே முறையிடுகிறான். நான்காம் பாடல், பசியினால் தாய்மார் தம் பிள்ளைகளையே சமைத்த கொடுமையைக் கூறும். ஐந்தாம் பாடலிலும் 22 வசனங்கள் உண்டு. ஆனால் அகரவரிசை இல்லை. தேவன் எங்களை அடியோடு வெறுத்துவிட்டாரோ என்னும் ஏக்கத்தோடு நூல் நின்றுவிடுகிறது.

யூதர் எருசலேமின் அழிவை நினைவுகூரும் உபவாச நாளில் இந்நூலை வாசிக்கையில், இறுதி வசனத்தோடு நிறுத்துவதில்லை. 5:21ஐ மீண்டும் ஒருமுறை வாசிப்பர். அது எங்களைத் திருப்பிக்கொள்ளும் என்னும் வேண்டுதல். அத்துணைக் கசப்பான முடிவை ஆற்ற விரும்பியவர்களும், மூன்றாம் அதிகாரத்தின் அறிக்கையைக் கொணர்ந்து இறுதியில் வைத்துவிடவில்லை என்பது நம் கவனத்திற்குரியது.

இனிச் சொல்லைக் காண்போம். 3:23இல் வரும் எபிரெயச் சொல் எமூனா. ஆமென் என்பதும் இதே வேரினின்று பிறந்ததாகும். யாத்திராகமம் 17:12இல் ஆரோனும் ஊரும் தாங்க, மோசேயின் கைகள் பொழுது சாயுமட்டும் தளராதிருந்தமையையும் இச்சொல்லே உணர்த்துகிறது. 1871ஆம் ஆண்டின் தமிழ் வேதாகமம் இதனை 'உண்மை' என மொழிபெயர்த்தது. இன்று நாம் உண்மை என்பதைப் பொய்யாமை என்ற அளவிலே கொள்கிறோம். பழந்தமிழில் அது உள்ளதன் தன்மை, இன்மைக்கு எதிர்ச்சொல். ஆகவே தேவ உண்மை என்பது, அவர் விட்டகலாது உடனிருக்கும் நிலைபேறு. நாம் விரும்பிய பயன் இவ்வாண்டில் கிட்டும் என்னும் உறுதிச்சீட்டாக அதனைக் கொள்வதற்கு இவ்வதிகாரத்தில் இடமில்லை.

துயருற்றோர்க்கு ஆறுதலன்றோ தேவை, புலம்பலை ஏன் வாசிக்க வேண்டும் எனச் சிலர் வினவலாம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. ஆழிப்பேரலை நம் கடற்கரையைச் சூறையாடிற்று. ஆறாம் நாள் புத்தாண்டு பிறந்தது. பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாயின் கையில் ஒரு வாக்குத்தத்த அட்டையை மட்டும் கொடுத்தால், அவள் அதனை எங்ஙனம் வாசிப்பாள்? தேவன் உண்மையற்றவர் என்றோ, தன் விசுவாசம் குறைவுடையது என்றோ எண்ணுவதன்றி அவளுக்கு வேறு வழியில்லை. முழு அதிகாரத்தையும் அவளோடு வாசிக்கும் ஆயரோ, அவளுடைய முறையீட்டுக்கும் வேதத்தில் இடமுண்டு என்று காட்டுகிறார். தேவன் கேட்கவில்லை என்று தேவனிடமே சொல்வதும் விசுவாசத்தின் செயலே.

நம் ஆண்டவரும் சிலுவையில் 22ஆம் சங்கீதத்தின் கைவிடப்பட்டோர் குரலையே தம் குரலாக்கினார். பிதாவின் உண்மை மூன்றாம் நாள் விடியலில் வெளிப்பட்டது. இடையே ஓர் ஓய்வுநாள் மௌனமாய்க் கழிந்தது. அம்மௌனத்தைத் தாண்டிக் குதிக்கும் அருளுரை, சுவிசேஷத்தையும் குறைத்தே அறிவிக்கிறது. ஆகவே, அடக்க ஆராதனையிலும் பேரிடர் நாள்களிலும் இவ்வதிகாரத்தை முதல் வசனம் தொடங்கி வாசிக்க நாம் துணிவோமாக. அப்போது 23ஆம் வசனத்திற்குச் சபையார் கூறும் ஆமென், பொருளறிந்து கூறும் ஆமெனாக இருக்கும்.