தனியாக வரும் கோல்ஃப் பயணி: இரு நாடுகள், இரு வாசல்கள்

மட்டைப் பையோடு தன்னந்தனியாக வந்திறங்கும் வெளிநாட்டுப் பயணியை ஒரு கோல்ஃப் மைதானம் எப்படி நடத்துகிறது என்பதைப் பார்த்தாலே, அந்த நாட்டில் அந்த ஆட்டம் யாருக்காக நடக்கிறது என்பது விளங்கிவிடும். நால்வராக வருபவர்களால் வருமானம் உண்டு. உறுப்பினரின் நண்பருக்குப் பரிந்துரை உண்டு. தனி ஆளுக்கு இரண்டும் இல்லை. ஆட்ட மரபும் நெடுங்காலம் அவர் பக்கம் இல்லை. தனியாக ஆடுபவருக்கு மைதானத்தில் முன்னுரிமை கிடையாது, மற்றவர்களுக்கு வழிவிட வேண்டும் என்றே விதிநூலின் நடத்தைப் பகுதி சொல்லிவந்தது. 2004 பதிப்பில்தான் அது மாறி, ஆட்டத்தின் வேகமே முன்னுரிமையைத் தீர்மானிக்கும் என்றானது. இந்தத் தனி ஆளை வரவேற்பதில் இலங்கை இந்தியாவைவிட முன்னே நிற்கிறது. இந்தியா அதனிடம் கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கிறது.

இரு நாடுகளுக்கும் வேர் ஒன்றுதான். கல்கத்தாவில் 1829-இலும், பெங்களூரில் 1876-இலும், கொழும்பில் 1879-இலும், நுவரெலியாவில் 1889-இலும் ஆங்கிலேயர்கள் தங்களுக்காகத் தொடங்கிய கிளப்கள் இவை. சுதந்திரத்துக்குப் பின் பாதை பிரிந்தது. இலங்கையில் 18 குழி மைதானங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். உள்ளூர் ஆட்டக்காரர்களும் குறைவு. எனவே மைதானம் பிழைக்கப் பயணி தேவைப்பட்டார். நுவரெலியா மைதானம் ஊரின் நடுவிலேயே இருக்கிறது. பழைய ஹோட்டல்களிலிருந்து நடந்தே போய்விடலாம். கண்டிக்கு அருகே திகனையில் விக்டோரியா நீர்த்தேக்கக் கரையில் 1999-இல் திறந்த மைதானமும், அம்பாந்தோட்டையில் ஷாங்ரி-லா விடுதியோடு சேர்ந்த மைதானமும் விருந்தினரை மனத்தில் வைத்தே அமைந்தவை. கட்டணம் செலுத்தி, மட்டைகளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு இறங்கிவிடலாம். இந்தியாவின் பழைய கிளப்களோ முதலில் சமூக அந்தஸ்தின் கூடங்கள், பிறகே மைதானங்கள். பலவற்றில் உறுப்பினர் ஒருவரின் அறிமுகம் வேண்டும். வார இறுதி பெரும்பாலும் உறுப்பினர்களுக்கே. ஊரில் யாரையும் தெரியாத பயணிக்கு அந்த அறிமுகம் எங்கிருந்து வரும்? உதகை ஜிம்கானா போல வெளியாரை அனுமதிக்கும் இடங்கள் உண்டு. டெல்லி வளர்ச்சி ஆணையம் லாடோ சராயில் நடத்தும் குதுப் மைதானத்தில் பணம் கட்டும் எவரும் ஆடலாம். ஆனால் இவ்வளவு பெரிய நாட்டில் இவை இன்னும் விதிவிலக்குகளாகவே இருக்கின்றன.

மைதானத்துக்குள் போய்விட்டால் இரு நாடுகளும் மறுபடி ஒன்றாகிவிடுகின்றன. பையைச் சுமந்து வரும் கேடி இல்லாமல் அநேகமாக எங்கும் ஆட முடியாது. நுவரெலியாவின் மலைக்காற்றில் பந்து வழக்கத்தைவிடத் தூரம் போகும் என்று எச்சரிப்பவரும், குழியைச் சுற்றியுள்ள கிரீனில் குனிந்து, கண்ணுக்குத் தெரியாத சரிவை விரலால் தொட்டுக் காட்டுபவரும் அவர்தான். கொழும்பு மைதானத்தைக் களனிவெளி ரயில்பாதை குறுக்கே வெட்டிச் செல்கிறது. அங்கே எப்போது நிற்க வேண்டும் என்று புதியவருக்குச் சொல்ல ஆள் வேண்டும். வட இந்தியாவில் முன்னே போய் நின்று பந்து விழும் இடத்தைப் பார்த்துவைக்கும் ஆகேவாலாவும் சேர்ந்துகொள்வார். தனிமை நாடி வந்தவர்மீது இது திணிப்பல்லவா என்று கேட்கலாம். அறியாத புல்தரையில் வழிகாட்டி இல்லாத தனிமை, பந்து தேடுவதிலேயே கழியும். தனியாக ஆடிய சுற்றுகளை, ஆட்டக்காரரின் திறனை அளக்கும் ஹேண்டிகேப் கணக்கிலிருந்து 2016-இல் நீக்கிய அமெரிக்க கோல்ஃப் சங்கமே, கேடி உடன் நடந்தால் அது தனி ஆட்டம் ஆகாது என்று விளக்கம் தந்தது. அவர் சுமைதூக்கி மட்டுமல்ல, ஆட்டத்தின் சாட்சி. 1991-இல் இந்தியன் ஓப்பனை வென்ற முதல் இந்தியரான அலி ஷேர் டெல்லியில் கேடியாக இருந்தவர் என்பதையும் மறக்கலாகாது. சரிசெய்ய வேண்டியது ஊதிய முறையைத்தான். கேடிக்கான தொகையை வரவேற்பறையிலேயே எழுதி ஒட்டிவிட்டால், பேரம் தெரியாத பயணிக்கும் கேட்கக் கூசும் தொழிலாளிக்கும் சங்கடம் இராது.

இந்தியாவில் உறுப்பினராகவே மக்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும்போது வெளியாருக்கு ஏன் இடம் என்பது நியாயமான கேள்வி. சந்தா கட்டியவருக்கு முதல் உரிமை இருக்கட்டும். அதை யாரும் பறிக்கச் சொல்லவில்லை. ஆனால் கூட்டம் வார இறுதியிலும் அதிகாலையிலும்தான். வேலை நாளின் நண்பகலில் ஒரு தனி ஆளுக்கு நேரம் ஒதுக்கினால் எவருடைய ஆட்டமும் கெடாது. தனியார் கிளப்பின் முடிவில் பிறர் தலையிடலாமா என்ற வாதத்துக்கும் வலு குறைவு. பல கிளப்கள் நிற்பது அரசு குத்தகைக்குக் கொடுத்த நிலத்தில். சென்னையின் கிண்டி குதிரைப் பந்தயத் திடலின் குத்தகையைத் தமிழக அரசு 2024-இல் ரத்து செய்தபோது, அதற்குள்ளேயே இருந்த கோல்ஃப் மைதானமும் கேள்விக்குள்ளானது. நகரின் நடுவே இவ்வளவு பசுமை சிலருக்கு மட்டும் ஏன் என்று மக்கள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். வாசலைத் திறந்து வைத்திருக்கும் மைதானத்திடம் இதற்குப் பதில் இருக்கும். இலங்கை ஆட்டக்காரர் பற்றாக்குறையால் திறந்த வாசலை, இந்தியா தன் நிலத்துக்கான பொறுப்பை உணர்ந்து திறக்கட்டும். முன்பின் அறியாத ஒருவர் பரிந்துரை இல்லாமல் வந்து, கட்டணம் கட்டி, கேடியோடு 18 குழியையும் ஆடிவிட்டுப் போக முடிந்தால்தான் அங்கே கோல்ஃப் ஒரு விளையாட்டாக இருக்கிறது; இல்லையேல் அது உறுப்பினர் அட்டையின் சலுகை மட்டுமே.