பர்ஸில் இருந்த பணம்

நார்மன் ஜூவிசனின் ‘இன் தி ஹீட் ஆஃப் தி நைட்’ (1967) படத்தில், மிஸிஸிப்பி மாகாணத்து ஊரொன்றில் கொலை நடந்த இரவில், ரயிலுக்குக் காத்திருக்கும் டிப்ஸைப் போலீஸார் பிடித்துப் போகிறார்கள். கறுப்பர், அயலூர், பர்ஸில் பணம் வேறு. வேறென்ன சாட்சியம் வேண்டும்! அவரும் போலீஸ் அதிகாரிதான் என்பதைப் பிலடெல்பியாவுக்கு டெலிபோன் செய்து தெரிந்துகொண்ட பிறகே விடுகிறார்கள். ஸிட்னி பாய்ட்டியரின் அடக்கிவைத்த கோபம் அபாரம். (ஆஸ்கார் பரிசு என்னவோ ஊர்ப் போலீஸ் தலைவராக நடித்த ராட் ஸ்டைகருக்குப் போயிற்று.)

ஆனாலும் எனக்கொரு குறை. டிப்ஸை மீட்டது அவருடைய உத்தியோகம், நிரபராதி என்பதல்ல. பிடிபட்டவன் மூட்டை தூக்கும் கூலியாக இருந்திருந்தால், அந்த நடுநிசியில் அவனுக்காக யார் டெலிபோனை எடுத்திருப்பார்கள்? கதாசிரியர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நான் எழுதியிருந்தால் அந்தக் கூலியிடம்தான் தொடங்கியிருப்பேன்.