காலியான இடங்களும் கையிருப்பு வீரர்களும்

அமெரிக்கக் கல்லூரிகளின் ஃபுட்பால் சீசன் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும். அதற்கு முன்பே விளையாட்டுப் பத்திரிகைகள் ஒரு கணக்கைப் போட்டுவிடும்: போன ஆண்டு தடுப்பாட்டத்தில் முதலில் இறங்கிய 11 பேரில் எத்தனை பேர் மிச்சம்? எட்டு என்றால் நம்பிக்கை, மூன்று என்றால் கவலை. பள்ளியை முடித்து மூன்று ஆண்டுகள் ஆன வீரர், தொழில்முறை லீகான என்.எஃப்.எல். நடத்தும் வீரர் தேர்வான டிராஃப்டுக்குப் போகலாம். அதனால் நன்றாக ஆடிய அணிதான் அதிகம் இழக்கிறது. ஆனால் போனவர்களை எண்ணுவதால் வரப்போகிறவர்களைப் பற்றி ஒன்றும் தெரிந்துவிடாது.

2021இல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் தடுப்பாட்டம் ஆட்டத்துக்குச் சராசரியாக 10.2 புள்ளிகள் மட்டுமே விட்டுக்கொடுத்தது. அலபாமாவை 33-18 என வென்று அணி தேசியப் பட்டத்தையும் எடுத்தது. அடுத்து வந்த டிராஃப்டில் அந்தத் தடுப்பாட்டத்திலிருந்து எட்டு பேரை என்.எஃப்.எல். அணிகள் எடுத்துக்கொண்டன, ஐவர் முதல் சுற்றிலேயே போனார்கள். டிராஃப்டின் முதல் பெயரே ஜார்ஜியாவின் ட்ராவன் வாக்கர். தடுப்பாட்டப் பயிற்சியாளர் டேன் லேனிங்கும் தலைமைப் பொறுப்பேற்று ஓரிகனுக்குப் போய்விட்டார். பத்திரிகைக் கணக்குப்படி ஜார்ஜியா சரிந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. 2022 சீசனின் முதல் ஆட்டத்தில் லேனிங்கின் ஓரிகனையே 49-3 என்று நொறுக்கியது. ஆடிய 15 ஆட்டங்களிலும் வென்று, இறுதிப்போட்டியில் டி.சி.யூ. அணியை 65-7 என்று தோற்கடித்தது.

தலைமைப் பயிற்சியாளர் கிர்பி ஸ்மார்ட் கையாண்ட சுழற்சி முறைக்கு இதில் பெரிய பங்கு உண்டு. 150 கிலோவைத் தாண்டிய ஜோர்டன் டேவிஸ் போன்ற முன்வரிசை வீரர் ஆட்டம் முழுக்கக் களத்தில் நிற்க முடியாது. ஆகவே ஆள் மாற்றி ஆள் இறக்கினார்கள். டேவிஸ், டெவான்டே வையட் ஆகியோரோடு மாறி மாறி ஆடிய ஜேலன் கார்ட்டர், அலபாமாவுக்கு எதிரான இறுதிப்போட்டியிலேயே ஒரு ஃபீல்டு கோலைத் தடுத்தார். 2022இல் அவர் காலியிடத்தை நிரப்பியவராகப் பட்டியலில் வந்தார். உண்மையில் பெரிய ஆட்டங்களில் பழகியவர். முந்தைய பயிற்சியாளர் குழுவிலிருந்த க்ளென் ஷூமன் தடுப்பாட்டப் பொறுப்பில் தொடர்ந்ததால், களத்தில் கொடுக்கும் உத்தரவுகளும் மாறவில்லை.

இதன் மறுபக்கம் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகமான எல்.எஸ்.யூ. 2019இல் 15-0 என்று பட்டம் வென்ற அணி அது. அதிலிருந்து மொத்தம் 14 பேர் டிராஃப்டில் போனார்கள். தடுப்பாட்டப் பயிற்சியாளர் டேவ் அராண்டா பேய்லருக்குப் போக, போ பெலினி வந்தார். அடிப்படை அமைப்பையும் மாற்றினார். கொரோனாவால் வசந்தகாலப் பயிற்சியும் பாதியில் நின்றது. புதிய ஆட்கள் புதிய முறையை, போதிய பயிற்சியின்றிக் கற்க வேண்டியிருந்தது. அடுத்த சீசனின் முதல் ஆட்டத்திலேயே மிசிசிப்பி ஸ்டேட்டின் கே.ஜே. காஸ்டெலோ 623 யார்டு பந்தெறிந்து இரு அணிகளும் ஆடும் எஸ்.இ.சி. கூட்டமைப்பின் வரலாற்றில் சாதனை படைத்தார். எல்.எஸ்.யூ. 44-34 என்று தோற்றது. சீசன் 5-5 என்று முடிந்தது. பெலினியும் வெளியேற வேண்டியதாயிற்று. இரண்டு பல்கலைக்கழகங்களும் பெரிய அளவில் இழந்தன. இரண்டாம் வரிசையின் அனுபவமும் உத்தரவுகளின் தொடர்ச்சியும்தான் அவற்றைப் பிரித்தன.

ஆனாலும் சுழற்சி முறையைக் குறையற்றது என்று சொல்வதற்கில்லை. அது முன்வரிசையில் வாரிசுகளை உருவாக்குகிறது. பின்வரிசையில் அவ்வளவாக உருவாக்குவதில்லை. கார்னர்பேக், சேஃப்டி போன்றோர் பெரும்பாலும் ஆட்டம் முழுவதும் களத்தில் இருப்பவர்கள். அவர்களை மாற்றத் துணியும் பயிற்சியாளர் குறைவு. ஒரு தவறு நடந்தால் எதிரணிக்கு நேராக டச் டவுன். 2022 ஜார்ஜியாவிலும் விரிசல் அங்கேதான் தெரிந்தது. எஸ்.இ.சி. இறுதியாட்டத்தில் எல்.எஸ்.யூ. பந்தெறிந்தே 502 யார்டு சேர்த்தது. அரையிறுதியில் ஒஹாயோ ஸ்டேட் 41 புள்ளிகள் எடுத்தது; அதன் கடைசி ஃபீல்டு கோல் தவறியதால்தான் ஜார்ஜியா 42-41 என்று தப்பியது. பழியைப் புதியவர்கள்மேல் மட்டும் போடுவது நியாயமல்ல. அனுபவசாலி நோலன் ஸ்மித் காயத்தால் விலகியதில், பந்தெறிபவரை விரட்டும் வேகம் குறைந்திருந்தது. பின்வரிசைக்கு அது கூடுதல் சுமை.

இன்னொரு குறை, இந்த முறை வசதி படைத்தவர்களுக்கே உரியது. இரண்டாம் வரிசையிலும் நாட்டின் தலைசிறந்த பள்ளி வீரர்களை வைத்திருக்கச் சில பல்கலைக்கழகங்களால்தான் முடியும். அவர்களையும் காக்க வைப்பது இப்போது கடினம். 2018இல், கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பதிவு செய்யும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. 2021இல், முதல் முறை மாறுபவர் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டியதில்லை என்று விதி தளர்ந்தது. அதே ஆண்டு வீரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கவும் வழி திறந்தது. வாய்ப்புக்காக இரண்டு ஆண்டு பொறுத்திருந்தவர், இன்று சீசன் முடிந்ததும் மூட்டையைக் கட்டிவிடலாம்.

அப்படியானால் போர்ட்டலிலேயே ஆள் பிடித்தால் போதாதா? 2023இல் கொலராடோவில் டியான் சாண்டர்ஸ் ஏறத்தாழ முழு அணியையும் புதிதாகச் சேர்த்தார். முதல் மூன்று ஆட்டங்களில் வெற்றி, முடிவில் 4-8. ஸ்டான்ஃபோர்டுக்கு எதிராக இடைவேளையில் 29-0 என்று முன்னிலை பெற்றும் 46-43 என்று தோற்றது. அடுத்த ஆண்டு அதே கொலராடோ ஒன்பது ஆட்டங்களை வென்றது. திறமையை ஒரே கோடையில் சேர்த்துவிடலாம். ஒருவருக்கொருவர் பழகிக்கொள்ளக் காலம் பிடிக்கும்.

இடத்தைப் பார்த்து முறையைத் தேர்வதே அறிவு. முன்வரிசையைச் சுழற்சியால் வளர்க்கலாம். சுழற்சி எட்டாத பின்வரிசைக்கு, வேறு கல்லூரியில் ஆடித் தேர்ந்த ஓரிருவரைக் கொண்டுவரலாம். ஜார்ஜியாவே 2021இல் கார்னர்பேக் டெரியன் கென்ட்ரிக்கைக் கிளெம்சனிலிருந்துதான் எடுத்தது. பயிற்சியாளர் மாறினாலும் உத்தரவு முறையை உடனே கலைக்காமல் இருப்பது இரண்டையும்விட முக்கியம். சுழற்சிக்கு இன்று இன்னொரு பயனும் சேர்ந்திருக்கிறது: முதல் வரிசைக்கு ஓய்வு கொடுக்கத் தொடங்கிய வழக்கம், இரண்டாம் வரிசை வீரனைக் கல்லூரியைவிட்டுப் போகாமல் பிடித்துவைக்கக் கொடுக்கும் விலையாகவும் ஆகிவிட்டது. அந்த விலையைச் செப்டம்பர் ஆட்டங்களில் கொடுக்கத் தயங்கும் பயிற்சியாளர், அடுத்த ஆகஸ்டில் போர்ட்டலில் வந்த அந்நியர்களை வைத்தே சமாளிக்க வேண்டியிருக்கும்.